பிள்ளையின் சாயலும் தாயின்மேல் பழியும்



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், பெற்றோரின் தன்மைகள் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேருகின்றன என்பதாகும். இது பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் சொல்லித்தரும் பாடமாயிற்றே, இதைப் பொதுக்கூட்டத்தில் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அந்தப் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்களேதான் வீட்டில் பிள்ளை பிறந்ததும் ஜோசியன் வீட்டுக்கு ஓடுகிறார்கள். ஆகையால்தான் பொதுக்கூட்டத்தில் பேசவேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் மருமகளின் வயிற்றைக் குறை சொல்லுகிறார்கள். உதடு பிளந்து பிறந்தால் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்கிறார்கள். காது கேளாத பிள்ளை பிறந்தால் அவள் போன ஜன்மத்தில் செய்த பாவம் என்கிறார்கள். கறுத்த தாய்தகப்பனுக்குத் தோலும் மயிரும் இமையும் வெளுத்த பிள்ளை பிறந்துவிட்டாலோ, பாவம் என்ற அளவோடு நிற்பதில்லை. வாய் கூசாமல் வேறொன்றும் பேசுகிறார்கள். பிள்ளை பிறக்க ஆண் ஒருவனும் பெண் ஒருத்தியும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழி வருகிறபோது மட்டும் பெண் ஒருத்தியே போதும் என்றாகிவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

முதலில் இந்த ‘ரத்தம்’ என்கிற பேச்சை எடுத்துக்கொள்வோம். ‘எங்கள் ரத்தம்’, ‘பரம்பரை ரத்தம்’ என்றெல்லாம் மார்தட்டுகிறார்களே, தகப்பன் உடம்பிலிருந்து பிள்ளைக்கு ஒரு சொட்டு ரத்தமாவது போகிறதா? போவதில்லை. தாயின் ரத்தம்கூடப் பிள்ளையின் உடம்பில் ஓடுவதில்லை. கர்ப்பத்தில் தாயின் ரத்தம் ஒரு பாதையிலும் பிள்ளையின் ரத்தம் வேறு பாதையிலும் ஓடுகின்றன. நஞ்சில் இரண்டும் மெல்லிய திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கின்றன. திரையின் வழியே உணவுச் சத்தும் பிராணவாயுவும் போகின்றன, கழிவு திரும்பி வருகிறது. பிள்ளையின் ரத்தத்தைப் பிள்ளையின் உடம்பேதான் உண்டாக்கிக்கொள்ளுகிறது.

அப்படியானால் தாய்தகப்பனிடமிருந்து போவது என்ன? தாயிடமிருந்து ஊசிமுனையளவு ஒரு முட்டை. தகப்பனிடமிருந்து அதைவிடப் பல மடங்கு சிறிய ஓர் உயிரணு. அந்த இரண்டுக்குள்ளும், உடம்பு இன்னின்ன வேலையை இன்னின்னபடி செய்யவேண்டும் என்ற குறிப்புகள் இருக்கின்றன. இவற்றை விஞ்ஞானிகள் ஜீன் என்கிறார்கள். தமிழில் மரபணு என்கிறோம். மனிதனுக்குச் சுமார் 20,000 உண்டு. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று என்று இரண்டிரண்டு பிரதிகள். அந்தப் பிள்ளை வளர்ந்து தான் ஒரு பிள்ளையைப் பெறும்போது, அந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எது போகும் என்பது நம் கையிலும் இல்லை, வேறு யார் கையிலும் இல்லை.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் யார்? மெண்டல் என்கிற ஒரு கிறிஸ்தவச் சாமியார். ஆஸ்திரியாவைச் சேர்ந்திருந்த புருன் நகரத்து மடத்தில் இருந்தவர். அந்த ஊர் இப்போது செக் நாட்டில் பிர்னோ என்ற பெயரில் இருக்கிறது. குடியானவர் வீட்டுப் பிள்ளை. உபாத்தியாயர் பரீட்சைக்கு இரண்டு தரம் போயும் தேற முடியாமற்போனவர். ‘சாமியார்களைக் கண்டிக்கிற நீங்கள் ஒரு சாமியாரைப் புகழுகிறீர்களே’ என்று யாராவது கேட்கக்கூடும். அவர் ஜெபம் செய்து இதைக் கண்டுபிடிக்கவில்லை, தோழர்களே! மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்து, எட்டு வருஷம் குனிந்து குனிந்து எண்ணிக் கண்டுபிடித்தார். எண்ணுகிறவர் எந்த உடை உடுத்தியிருந்தாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் செய்தது இதுதான். உருண்டை விதை தருகிற பட்டாணிச் செடியையும், காய்ந்தால் சுருங்கிப்போகும் விதை தருகிற செடியையும் எடுத்துக்கொண்டார். ஒன்றின் பூவில் மகரந்தப் பைகளை முற்றுவதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிட்டு, மற்றதன் மகரந்தத்தைத் தம் கையாலேயே தடவினார். அன்றைக்குப் பெரிய பெரிய பண்டிதர்களெல்லாம் பாலும் தண்ணீரும் கலப்பதுபோலத் தாய்தகப்பன் தன்மைகள் கலந்துவிடும் என்று எண்ணியிருந்தார்கள். அந்தப்படியானால் பாதிச் சுருக்கம் உள்ள விதைதானே கிடைக்க வேண்டும்? கிடைக்கவில்லை. எல்லாம் உருண்டை. சுருக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த உருண்டைகளையே விதைத்து, தம்மில் தாமே காய்க்கவிட்டு, வந்த விதைகளை எண்ணினார். 5,474 உருண்டை, 1,850 சுருங்கல். தொலைந்துபோனதாக நினைத்தது, பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருவதுபோல, ஒரு தலைமுறை தாண்டி அப்படியே முழுசாக வெளியே வந்தது! அதுவும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். விதையின் நிறம், செடியின் உயரம் என்று ஏழு தன்மைகளைப் பார்த்தார். ஏழிலும் இதே கணக்குதான்.

ஆகவே நடப்பது பாலும் தண்ணீரும் கலப்பதல்ல. எள்ளும் அரிசியும் கலப்பது. கலந்திருந்தாலும் எள் எள்ளாகவே இருக்கிறது, பொறுக்கி எடுத்துவிடலாம். உருண்டைக் குறிப்பு ஒன்றும் சுருக்கக் குறிப்பு ஒன்றும் ஒரே விதையில் இருந்தால் உருண்டை ஓங்கி நிற்கிறது. சுருக்கம் ஒடுங்கிக் கிடக்கிறது. ஒடுங்கிக் கிடப்பதற்கு அழிந்துபோனது என்று அர்த்தமில்லை. ஒடுங்கியது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் வெளியே தெரிகிறது. மெண்டல் இதை 1865-ல் புருன் நகரத்துக் கழகம் ஒன்றில் படித்தார், 1866-ல் அச்சாயிற்று. உலகம் அதன் அருமையை அறியவில்லை. 1884-ல் அவர் செத்தும் போனார். 1900-ல்தான் மூன்று ஐரோப்பிய அறிஞர்கள் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து, பழைய ஏட்டைப் புரட்டி அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

பட்டாணிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ரத்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் மனித ரத்தத்தில் வகைகள் உண்டென்று காட்டினார். ஏ, பி, ஓ என்கிறோமே, அவைதான். இவற்றில் ஓ என்பது ஒடுங்குவது. ‘ஏ வகை’ என்று சீட்டில் எழுதியிருக்கும் ஒருவருக்கு உள்ளே இரண்டும் ஏ-யாக இருக்கலாம். ஒன்று ஏ, ஒன்று ஓ-வாகவும் இருக்கலாம். சீட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். இனி, அப்படி ஓ-வை மறைத்து வைத்திருக்கும் ஏ வகை ஆண் ஒருவனும் ஏ வகைப் பெண் ஒருத்தியும் கலியாணம் செய்துகொண்டால், அவர்களுக்கு ஓ வகைப் பிள்ளை பிறக்கலாம். இதில் அதிசயமும் இல்லை, அக்கிரமமும் இல்லை. ஆனால் அரைகுறையாகக் கேள்விப்பட்ட புருஷன், ‘நானும் ஏ, நீயும் ஏ, பிள்ளை மட்டும் ஓ எப்படி?’ என்று கேட்டுவிட்டால், அந்தப் பெண் என்ன பதில் சொல்லுவாள்? அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னும் நுட்பமான ஒரு சங்கதி நம் நாட்டிலேயே வெளிப்பட்டது. ஏ, பி இரண்டும் உள்ளவருக்கு ஓ வகைப் பிள்ளை பிறக்காது என்பது பொது விதி. டாக்டர்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் ஒரு புதுவிதமான ரத்தத்தைக் கண்டார்கள். சாதாரணச் சோதனையில் அது ஓ என்றே தோன்றும். ஆனால் ஓ ரத்தம்கூட அதற்கு ஒத்துக்கொள்ளாது. காரணம் என்ன? ஏ, பி என்பவை ரத்த அணுவின்மேல் கட்டப்படும் மாடி போன்றவை. மாடி நிற்பதற்கு ஹெச் என்கிற ஒரு தளம் வேண்டும். அந்தத் தளத்தைப் போடுகிற குறிப்பு இரண்டு பக்கத்திலும் பழுதாகிவிட்டால், ஏ கொத்தனார் இருந்தும் பயனில்லை, பி கொத்தனார் இருந்தும் பயனில்லை. எதன்மேல் கட்டுவார்கள்? ஆகவே உள்ளே ஏ இருக்கும், வெளியே தெரியாது. அந்தப் பிள்ளைக்கே நாளை ஒரு பிள்ளை பிறந்தால் அதனிடம் அந்த ஏ மறுபடியும் வெளிவரலாம். இதைப் ‘பம்பாய் வகை’ என்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு உண்டு. பத்தாயிரத்தில் ஒன்றுதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் தீர்ப்புச் சொல்லுகிறவன் முன்னால் நிற்கும் பெண், அந்தப் பத்தாயிரத்தில் ஒருத்தியாக இருக்கலாம்.

பெண் குழந்தை சங்கதியை நாம் நீட்ட விரும்பவில்லை. 1905-ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அம்மையார், தச்சர் ஒருவரின் மகள், மாவில் விழும் புழுவின் வண்டை ஆராய்ந்து, ஆணா பெண்ணா என்பது தகப்பன் கொடுப்பதைப் பொறுத்தது என்று காட்டினார். மனிதரிலும் அப்படியே. தாய் கொடுக்கக்கூடியது எக்ஸ் ஒன்றுதான். தகப்பன் எக்ஸ் கொடுத்தால் பெண், ஒய் கொடுத்தால் ஆண். ஒரு பெண்ணே கண்டுபிடித்துச் சொல்லி நூறு வருஷத்துக்கு மேலாகியும், ‘ஆண் பிள்ளை பெறத் தெரியாதவள்’ என்ற பேச்சு ஓயவில்லை. அதற்காக இனிமேல் தகப்பனைத் திட்டலாம் என்று தாய்மார்கள் எண்ணவேண்டாம். அவன் கேட்டுக் கொடுப்பதுமில்லை, கேட்டால் கிடைப்பதுமில்லை.

இனி நம்மில் பலருக்குக் கசப்பாயிருக்கக்கூடிய விஷயத்துக்கு வருகிறோம். 1902-ல் லண்டனில் காரட் என்ற டாக்டர், மூத்திரம் வைத்திருக்க வைத்திருக்கக் கறுத்துப்போகிற ஒரு பிறவிக் கோளாறைப் பற்றி எழுதினார். அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார்களுக்கு அந்தக் கோளாறு இல்லை. ஆனால் அவர்களில் பலர் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளாய் இருந்து மணந்துகொண்டவர்கள் என்பதைக் கவனித்தார். மெண்டலின் பட்டாணிக் கணக்கு மனிதருக்கும் செல்லும் என்று அப்போதுதான் முதலில் தெரிந்தது. உருண்டை விதைக்குள் சுருக்கம் ஒளிந்திருந்ததுபோல, நம் ஒவ்வொருவருக்குள்ளும் இப்படிப்பட்ட பழுதான குறிப்புகள் சில ஒளிந்து கிடக்கின்றன. இதில் உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி, பணக்காரன், ஏழை என்ற பேதம் கிடையாது. துணைக்கு நல்ல பிரதி ஒன்று இருப்பதால் நமக்குத் தெரியாமலே காலம் போய்விடுகிறது.

நம் தமிழ்நாட்டிலே அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும், அத்தை மகன் மாமன் மகளைக் கட்டுவதும் உரிமை என்று சொல்லப்படுகிறது. சொத்து வெளியே போகக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். கணக்கைப் பாருங்கள். ஒரு மாமனுக்குள் ஒரு பழுது ஒளிந்திருந்தால், அதே பழுது அக்காள் மகளிடமும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகள், மாமன் மகளாயிருந்தால் எட்டில் ஒன்று. அன்னியப் பெண்ணாயிருந்து, அந்தப் பழுது நூற்றில் ஒருவரிடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், நூற்றில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதும் சேர்ந்துகொள்ள நாலில் ஒரு வாய்ப்பு. ஆகவே மாமன் கலியாணத்தில் பதினாறில் ஒன்று, அத்தை மகள் கலியாணத்தில் முப்பத்திரண்டில் ஒன்று, அன்னியத்தில் நானூற்றில் ஒன்று. சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளையும் ஊனமாய்ப் பிறக்கும் என்று நாம் பயமுறுத்தவில்லை; பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. அதைக் காட்டித்தான் ‘எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாய் ஒன்றும் ஆகவில்லையே’ என்கிறார்கள். பதினாறில் பதினைந்து தடவை ஒன்றும் ஆகாதுதான்.

நாலில் ஒன்று என்றால் முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று சிலர் எண்ணிக்கொள்ளுகிறார்கள். தாயக்கட்டை உருட்டுகிறவர்களைக் கேளுங்கள். போன தடவை தாயம் விழுந்தது என்று கட்டைக்கு நினைவிருக்கிறதா? ஒவ்வொரு உருட்டலும் புது உருட்டல்தான்.

இந்தக் கணக்கை அரைகுறையாய்ப் படித்துக்கொண்டு செய்த கொடுமையும் ஒன்று உண்டு. 1933-ல் ஜெர்மனியில் நாஜிகள் சட்டம் போட்டு, பரம்பரைச் செவிடு, பரம்பரைக் குருடு, மந்தபுத்தி என்றெல்லாம் பெயரிட்டு லட்சக்கணக்கானவர்களைப் பிள்ளை பெறாதபடி அறுத்துவிட்டார்கள். நோயுள்ளவனை அறுத்தால் நோய் ஒழியும் என்று எண்ணினார்கள். பழுதான குறிப்புகளில் பெரும்பகுதி நோயில்லாதவர்களிடம் ஒளிந்து கிடக்கிறது என்பது மெண்டல் கணக்கிலேயே இருக்கிறது. இரக்கமும் இல்லை, கணக்கும் தெரியவில்லை!

சரி, பழுதான குறிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டது. பிறகு ஒன்றும் செய்ய முடியாதா? அப்படியானால் தலையெழுத்து என்று அவர்கள் சொல்லுவதற்கும், ஜீன் என்று நாம் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூட்டத்துக்கு வந்தது வீண்.

வித்தியாசம் இது. எழுதியிருப்பது ஒன்று, அது நடக்கிற விதம் ஒன்று. அந்தப் பட்டாணி ஏன் சுருங்குகிறது என்று 1990-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். சர்க்கரையை மாவாகக் கட்டுகிற ஒரு நொதியின் குறிப்பு அதில் பழுதாகியிருக்கிறது. மாவு சரியாக உண்டாகாமல் சர்க்கரை தங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளுகிறது. காயும்போது தண்ணீர் போக, தோல் சுருங்குகிறது. அவ்வளவுதான். ‘சுருக்கம்’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு வேலை நடக்கவில்லை என்பதன் விளைவு அது. வேலை எது என்று தெரிந்துவிட்டால் கைவைக்க வழி பிறக்கிறது.

சயாம் பூனையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு வெளுப்பு, காது, மூக்கு, பாதம், வால் கறுப்பு. பிரம்மன் சாயம் பூசினானா? அதன் கறுப்பு நிறத்தை உண்டாக்குகிற நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில் மட்டும் செய்யும். உடம்பில் குளிர்ந்த இடங்கள் காதும் பாதமும்தானே? தாய் வயிறு வெதுவெதுப்பாயிருப்பதால் குட்டி பிறக்கும்போது முழுதும் வெளுப்பாகவே பிறக்கிறது. இதே தன்மையுள்ள முயலின் முதுகு மயிரைச் சிரைத்துப் பனிக்கட்டி கட்டிப் பார்த்தார்கள். முளைத்த மயிர் கறுப்பு! குறிப்பு மாறவில்லை, குளிர் மாறிற்று.

மனிதனின் உயரத்தில் நூற்றுக்கணக்கான ஜீன்களுக்குப் பங்கு உண்டு. சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. தென்கொரியாவில் 1896-ல் பிறந்த பெண்களைவிட 1996-ல் பிறந்த பெண்கள் சராசரி 20 சென்டிமீட்டர் உயரம். நூறு வருஷத்தில் ஒரு ஜனசமூகத்தின் ஜீன்கள் அவ்வளவு மாறிவிடாது. சோறும் பாலும் சுகாதாரமும் மாறின. ‘பிறவியிலேயே அவர்கள் குட்டை, பிறவியிலேயே அவர்கள் மந்தம்’ என்று ஒரு கூட்டத்தாரைப் பார்த்துச் சொல்லுகிறவர்கள், அவர்களுக்கு வயிறாரப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறார்களா?

கடைசியாக ஒன்று. நார்வே நாட்டில் ஒரு தாய்க்குப் பெண்ணொன்று, பிள்ளையொன்று. இரண்டும் பிறந்தபோது நன்றாயிருந்து, வளர வளரப் புத்தி வளராமல் போயின. பிள்ளைகளின் மூத்திரத்தில் ஏதோ ஒரு வாடை இருப்பதை அந்தத் தாய் கவனித்தாள். டாக்டர் டாக்டராகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1934-ல் ஆஸ்லோவில் ஃபோலிங் என்ற டாக்டர் அதைக் கேட்டுச் சோதித்தார். ஒரு ரசாயனத்தை ஊற்றியதும் மூத்திரம் பச்சையாக மாறியது. உணவிலுள்ள பீனைல் அலனின் என்கிற ஒரு சத்தை மாற்றிச் செலவிடுகிற நொதி அந்தப் பிள்ளைகளின் ஈரலில் வேலை செய்யவில்லை. அது தேங்கி மூளையைக் கெடுத்தது. தாய்தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்த பழுது சேர்ந்ததால் வந்தது அது.

பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காமில் இன்னொரு தாய், தன் மகளுக்கு மருந்து என்ன என்று டாக்டர் பிக்கலின் ஆராய்ச்சிச் சாலை வாசலில் நாள்தோறும் வந்து நின்றாள். அவரும் அவரோடு இருந்தவர்களும் அந்தச் சத்தை மட்டும் நீக்கிய உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். நிற்க முடியாத குழந்தை தவழவும் நிற்கவும் தொடங்கிற்று. இது உணவால்தானா, அல்லது தாயின் ஆசையா என்று பார்ப்பதற்காக, அவளுக்குச் சொல்லாமல் அந்தச் சத்தை மறுபடியும் உணவில் சேர்த்தார்கள். சில நாளில் தாயே ஓடிவந்து, குழந்தை பழையபடி ஆகிறதே என்றாள். சொல்லாமல் செய்தது நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அத்தாட்சி கிடைத்தது. 1953-ல் அதை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு உணவு காலந்தாழ்ந்து கிடைத்ததால் கெட்டுப்போன மூளை முழுதும் திரும்பவில்லை. பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கொடுத்தால் கெடுதலே வராது என்பது பின்னால் தெரிந்தது. 1960-க்குப் பிறகு அமெரிக்காவில் கத்ரி என்பவர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்திய சில சொட்டு ரத்தத்தை ஒரு காகிதத்தில் ஊறவைத்து இதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். ஒரே பழுது, ஒரே ஜீன். 1934-ல் அது புத்தியில்லாத பிள்ளை, இன்று அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை.

அந்தக் குதிகால் சோதனை இப்போது இன்னும் பல பிறவிக் கோளாறுகளுக்கும் செய்யப்படுகிறது. பல நாடுகளில் பிறக்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் செய்கிறார்கள். நம் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகையால் உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதல் இரண்டு மூன்று நாளைக்குள், ஜாதகம் கணிக்க நேரம் குறித்துக்கொள்ளுகிற அதே ஆஸ்பத்திரியில், இந்தச் சோதனை உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். உறவுக்குள் கலியாணம் பேசியிருப்பவர்கள், குடும்பத்தில் ஏற்கனவே பிறவிக் கோளாறுள்ள பிள்ளை இருந்தால், கலியாணத்துக்கு முன்பே மரபணு டாக்டரைப் பாருங்கள். பெண்ணை மட்டும் அனுப்பவேண்டாம். இரண்டு பேருமாகப் போங்கள்.

நேரமாகிவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் எழுந்து கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.